மூச்சு வாங்கும் 52 வயது: ஒரு இதயச் செயலிழப்பு நாட்குறிப்பு

ஜூன் 2
பயிற்சி மருத்துவர்களுக்காக அமைத்த மாதிரி நோயாளி இவர். தேதிகளும் அளவுகளும் அந்தக் கணக்கில்தான். 52 வயது, எடை 78 கிலோ. இரண்டு மாதமாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வீசிங் என்று இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். படுக்க இரண்டு தலையணை வேண்டும். அப்படியும் நடுராத்திரியில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். இதைக் கேட்காமல் விட்டால் இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் போதிய ரத்தத்தை உந்த முடியாத நிலை, தெரியாமலே போகும்.

கால் வீக்கத்தை மட்டும் நம்பக் கூடாது. பிரஷருக்குச் சாப்பிடும் அம்லோடிபினே கணுக்காலை வீங்கவைக்கும். 45 டிகிரியில் சாய்த்துக் கழுத்தைப் பார்த்தால் சிரை புடைத்துத் துடிக்கிறது. அம்லோடிபின் இதைச் செய்யாது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபினாக் வேறு. உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். இன்றே நிறுத்தம்.

ஜூன் 3
என்டி-ப்ரோபிஎன்பி (இதயச் சுவர் இழுபடும்போது ரத்தத்தில் கூடும் பொருள்) 2,140. வெளிநோயாளிக்கு 125க்குக் கீழ் என்றால் இதயச் செயலிழப்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பருமனானவர்களுக்கு இந்த அளவு குறைத்துக் காட்டும். சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் கூட்டிக் காட்டும். எக்கோவில் இடது கீழறை விரிந்திருக்கிறது, இஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் அந்த அறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 31 சதவீதம். 40ஐத் தாண்டாதவர்களுக்கு நான்கு வகை மருந்தும் வேண்டும்.

நான்கில் மூன்று இன்று: டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி., ஸ்பைரோனோலாக்டோன் 25, எனலாப்ரில் 2.5 இரண்டு வேளை. நீரை இறக்க லேசிக்ஸ் 40, காலையில். அம்லோடிபினை எடுத்தாயிற்று, இருக்கிற பிரஷரை ஆயுளை நீட்டும் மருந்துகளுக்கு ஒதுக்க வேண்டும். லேசிக்ஸ் மூச்சை இலேசாக்கும், அவ்வளவுதான். மூச்சு சரியானதும் அதை மட்டும் எழுதி அனுப்பிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பெரிய தவறு.

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே வரவேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் வேண்டாம்.

ஜூன் 10
எடை 73.5. தட்டையாகப் படுக்க முடிகிறது. சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.1லிருந்து 1.4, பொட்டாசியம் 5.3. இந்த இடத்தில் பயந்து எல்லா மருந்தையும் நிறுத்திவிடுவார்கள். கிரியேட்டினின் 30 சதவீதம்வரை ஏறுவதைப் பொறுக்கலாம். வீக்கம் முழுக்க வற்றிவிட்டதால் குறைக்க வேண்டியது லேசிக்ஸைத்தான்: 20 போதும். பொட்டாசியத்துக்கு என்ன காரணம்? சூடு தணிய தினம் ஒரு இளநீர். அதை நிறுத்தி, ஸ்பைரோனோலாக்டோனைத் தொடர்ந்து, ஒரு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். 5.5ஐத் தாண்டினால் பாதியாக்கலாம். 6ஐத் தாண்டினால் நிறுத்த வேண்டும்.

நுரையீரலில் நீர் இல்லாததால் இன்று நான்காவது வகையான பீட்டா பிளாக்கர்: மெட்டோப்ரோலால் சக்சினேட் 25. மருந்துக்கடையில் அதே மருந்தின் வேறு உப்பு வடிவமான டார்ட்ரேட்டை மாற்றிக் கொடுத்துவிடாமல் அட்டையைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஜூன் 17
பொட்டாசியம் 4.8. ஹீமோகுளோபின் 11.2, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 62. 100க்குக் கீழ் என்பதால் இரும்பைச் சிரை வழியே ஏற்ற வேண்டும். இந்த நோயில் மாத்திரை பலனளிப்பதில்லை. ஆணுக்கு ரத்தச்சோகை, அதோடு இத்தனை நாள் வலி மாத்திரை. வயிற்றில் ரத்தக்கசிவு உண்டா என்று எண்டோஸ்கோப்பி பார்க்காமல் விடக் கூடாது. ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை.

ஜூலை 1
எனலாப்ரிலை நிறுத்தி 36 மணி நேரம் கழித்து, அதற்குப் பதிலாக சாக்யூபிட்ரில்-வால்சார்டன் என்ற கூட்டு மருந்து. இடைவெளி விடாவிட்டால் நாக்கும் தொண்டையும் வீங்கி உயிருக்கே ஆபத்து. வாங்கக் கட்டுப்படியாகாதவர்களுக்கு எனலாப்ரிலையே 10 மி.கி. இரண்டு வேளைவரை ஏற்றலாம். வாந்திபேதி வந்து சாப்பிட முடியாத நாளில் டாபாகிளிஃப்ளோசினை நிறுத்திவைக்க வேண்டும்.

ஜூலை 15
மெட்டோப்ரோலால் 100. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு, இலக்கு 200. மேல் பிரஷர் 98, தலைசுற்றல் இல்லை. எண்ணைப் பார்த்து மருந்தைக் குறைக்க வேண்டாம்.

நவம்பர் 4
முழு அளவில் மூன்று மாதம் ஓடியபின் எக்கோ: இஎஃப் 46. 35ஐத் தாண்டிவிட்டதால் ஐசிடி (ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்துச் சரிசெய்ய உடம்பில் பொருத்தும் கருவி) வேண்டாம். “சரியாயிடுச்சே, மாத்திரையை நிறுத்திடலாமா சார்?” என்று கேட்பார். 50ஐத் தாண்டித் தேறியவர்களிடம் நிறுத்திப் பார்த்த ட்ரெட்-எச்எஃப் ஆய்வில், நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. நான்கும் தொடர்கின்றன, லேசிக்ஸ் மட்டும் இன்றோடு போகிறது.