ஓப்ரா டின் கப்பலில் 11 ராத்திரி

புதிர் விளையாட்டு எதை எடுத்தாலும் பாதியில் போட்டுவிடுகிற ஆள் நான். ரிவன் என்று ஒரு பழைய கேம், 1997இல் ஐந்து சிடிகளில் வந்தது, அதை மூன்று வருடம் முன்னால் ஆரம்பித்தேன். அந்தத் தீவுக்காரர்களின் எண்கள் 25ஐ அடிப்படையாகக் கொண்டவை, பள்ளிக்கூடத்து அறையில் கிடக்கும் ஒரு பொம்மையைத் திருகித் திருகி நாமேதான் கற்றுக்கொள்ள வேண்டும். அதைக்கூடக் கற்றுக்கொண்டேன். அப்புறம் ஓர் இடத்தில் நாலு நாள் முட்டிக்கொண்டு நின்று, பொறுக்காமல் யூடியூபில் விடையைப் பார்த்துவிட்டேன். பார்த்த நிமிடத்தோடு சரி. கடல் சத்தமும் காற்றும் ஆளில்லாத அந்தப் படிக்கட்டுகளும் அப்படியே இருந்தன, எனக்குத்தான் அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

அதனால் இந்த முறை ஒரே ஒரு கட்டுப்பாடு: எங்கேயும் விடை தேடக் கூடாது. ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொண்டு 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' ஆரம்பித்தேன். 2018இல் வந்தது. லூகாஸ் போப் என்ற ஒரே ஆள், நாலு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து செய்தது, இசைகூட அவருடையதுதான்.

கதை இதுதான். 1802இல் லண்டனிலிருந்து கிளம்பிய கிழக்கிந்தியக் கம்பெனிச் சரக்குக் கப்பல் ஒன்று காணாமல் போகிறது. 1807இல் ஆள் அரவமே இல்லாமல் ஃபால்மவுத் துறைமுகத்துக்குத் தானாக மிதந்து வருகிறது. நாம் கம்பெனியின் இன்சூரன்ஸ் ஆய்வாளர். கப்பலில் இருந்தவர்கள் 60 பேர். யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று, யாராவது கொன்றிருந்தால் அது யார் என்று ஒரு புத்தகத்தில் நிரப்ப வேண்டும். கையில் ஒரு கடிகாரம் தருகிறார்கள். எலும்புக்கூட்டின் பக்கத்தில் அதைத் திறந்தால் முதலில் திரை இருட்டாகிவிடும், சாவதற்கு முந்தைய சில விநாடிப் பேச்சு மட்டும் காதில் விழும், அப்புறம் செத்த அந்தக் கணம் உறைந்துபோய் நம்மைச் சுற்றி நிற்கும். அதற்குள் நடந்து பார்க்கலாம். எதையும் தொட முடியாது, யாரையும் கேட்க முடியாது.

முதல் ராத்திரி. படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. சாம்பல் நிறம்கூடக் கிடையாது, புள்ளிகளை நெருக்கியும் கலைத்தும்தான் நிழல். பழைய மெக்கிண்டாஷ் கம்ப்யூட்டர் திரை மாதிரி. கண் வலிக்கும் என்று நினைத்தேன், அரைமணி நேரத்தில் பழகிவிட்டது. (நாம் தலையைத் திருப்பும்போது அந்தப் புள்ளிகள் கொசகொசவென்று நெளியாமல் இருப்பதற்காக, பார்க்கிறவரைச் சுற்றி ஒரு கோளம் இருப்பதாக வைத்து அதன் உட்புறத்தில் புள்ளிகளை ஒட்டினாராம் போப். இதைப் படித்த பிறகு இன்னும் பத்து நிமிடம் சும்மா தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.)

முதலில் கிடைப்பது கதையின் கடைசி. கேப்டன் அறை வாசலில் சண்டை. உள்ளே போனால் கட்டிலில் ஒரு பெண் இறந்து கிடக்கிறாள், கேப்டன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவள் அண்ணனோ தம்பியோ ஒருவனைப் பற்றிப் பேசுகிறார். புத்தகத்தில் இருக்கிற கப்பல் ஆட்கள் பட்டியலில் அவள் பெயர் அபிகெயில் ஹாஸ்கட் விட்டரெல். ஹாஸ்கட் என்று இன்னொரு பெயர் அதே பட்டியலில், முதன்மை அதிகாரி. சரி, கேப்டன், அவள், அவள் கூடப்பிறந்தவன், மூன்று பேர். எழுதி முடித்ததும் என் கையெழுத்து மாதிரி இருந்த வரிகள் அச்செழுத்தாக மாறின, சின்னதாக ஒரு இசை. மூன்று பேரைச் சரியாகச் சொன்னால்தான் அப்படி மாறும், ஒன்றிரண்டுக்கு வாயே திறக்காது. இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன்.

இரண்டாம் ராத்திரியிலிருந்து நாலாம் ராத்திரி வரை ஒன்றுமே அச்சாகவில்லை. ஒன்றுகூட. ஒரு பிணத்திலிருந்து இன்னொரு பிணம், அதற்குள் இன்னொன்று என்று கதை பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது, புயல், ராட்சசக் கணவாய், யாரோ ஒருவன் கயிற்றைப் பிடித்தபடி அந்தரத்தில் நிற்கிறான், நான் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வெளியே வந்தால் புத்தகத்தில் "இவர் யார்?" என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நம் வீட்டில் மட்டும் என்ன, நாள் முழுக்க எத்தனை தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறோம்?

அந்த நாட்களில் பிடித்துக்கொண்டது பட்டியல்தான். பெயர், வேலை, ஊர். அதில் வில்லியம் வசீம், ரென்ஃப்ரெட் ரஜுப், சாலமன் சையது என்று சில பெயர்கள், பக்கத்தில் இந்தியா. முன் பாதி லண்டன், பின் பாதி நம்ம பக்கம். பெயரைச் சூட்டியது யார் என்று விளையாட்டு சொல்வதில்லை, பெயரைப் பார்த்தாலே ஏதோ ஒரு குமாஸ்தாவின் பேனா தெரிகிறது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கப்பல் ஆட்களை லஸ்கர் என்பார்கள். எங்கள் பக்கம் வாய்க்கால் ஷட்டரைத் திறந்து மூடும் பொதுப்பணித் துறை ஆளுக்கும் லஸ்கர் என்றுதான் பெயர், தாத்தா காலத்திலிருந்து கேட்ட வார்த்தை, அது கப்பலிலும் புழங்கிய வார்த்தை என்பது இதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. புதிருக்கு இது ஒரு உதவியும் செய்யவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு காட்சியிலும் முதலில் அவர்களைத்தான் தேடினேன், தேடும்போது மற்றவர்கள் நிற்கிற இடமும் மனசில் பதிய ஆரம்பித்தது.

ஐந்தாம் ராத்திரி தங்கச்சி வந்திருந்தாள். அவள் இந்த மாதிரி எதுவும் விளையாடுகிறவள் இல்லை. ஆட்கள் தூங்குகிற காட்சி ஒன்று, தூளி மாதிரித் துணிப் படுக்கைகள் வரிசையாகத் தொங்குகின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு எண். அந்த எண்தான் பட்டியலில் இருக்கிற எண் என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்திருந்தேன், பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாய்மரத்தில் ஏறி வேலை செய்யும் சீனர்கள் நாலு பேர் மட்டும் தகராறு, எண் தெரிகிறது, முகம் துணிக்குள் மூடிக் கிடக்கிறது.

"அண்ணா, முகத்தை விடு. காலைப் பாரேன்."

"கால்ல என்ன இருக்கு?"

"நாலு பேருக்கும் நாலு மாதிரி இருக்கு பாரு."

துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன பாதங்கள். செருப்பும் காலுறையும் ஆளுக்கு ஆள் வேறு. அப்புறம் வேறொரு காட்சிக்குப் போய், கயிற்றில் தொங்குகிறவனின் காலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, நோட்டில் செருப்புகளைப் படமாகப் போட்டு ஒப்பிட்டோம். என் படம் செருப்பு மாதிரியே இல்லை, அவள் பிடுங்கித் திரும்பப் போட்டாள். மூன்று பெயர் அச்சானபோது மணி ஒன்றரை. தொங்கு படுக்கையின் விளிம்பில் ஒரு கோடு கறுப்பு, ஒரு கோடு வெள்ளை, அதற்குள் ஒரு பாதம், அதை ஒரு ஆள் வரைந்து அங்கே வைத்துவிட்டு, யாராவது ஒருநாள் பார்ப்பார்கள் என்று விட்டிருக்கிறாரே என்று அன்றைக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை.

சூழல் விளையாட்டு என்றால் எனக்குள் இருந்த எண்ணம் இங்கேதான் மாறியது. பனிமூட்டம், மெல்லிய இசை, யாருமில்லாத வீடு, நடுவில் பூட்டு மாதிரி ஒரு புதிர் என்று நினைத்திருந்தேன். பல கேம்கள் அப்படித்தான், புதிரைக் கழற்றி எடுத்தாலும் பனிமூட்டம் தனியாக நிற்கும். இதில் கழற்ற முடியவில்லை. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், சட்டை எப்படி, யார் பதறுகிறான், யார் பதறாமல் நிற்கிறான், இதெல்லாம்தான் சூழல், இதேதான் துப்பும்.

கஷ்டம் வேறொரு பக்கத்திலிருந்தும் வந்தது, இதைச் சொல்லியே ஆக வேண்டும். குரல்கள். ஸ்காட்லாந்து ஆள், அயர்லாந்து ஆள், லண்டன் ஆள் என்று பேச்சு மாறுகிறது, அதுவும் துப்புதான். தமிழில் என்றால் 'ஏனுங்க' என்று ஒருவர் ஆரம்பித்தாலே கோயம்புத்தூர்ப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன், 'ஏலே' என்றால் திருநெல்வேலி. இங்கே என் காதுக்கு எல்லோருமே வெள்ளைக்காரர்கள். கீழே ஓடும் வரிகளில் வார்த்தை தெரியும், வட்டாரம் தெரியாது. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஒரே வசனத்தை ஏழெட்டு முறை கேட்டு, நோட்டில் 'ர-வை உருட்டுகிறான்' என்று எழுதி வைத்தேன். அது இருமல் என்று மறுநாள் தெரிந்தது.

அப்புறம் திருட்டுத்தனமும் செய்தேன். எட்டாம் ராத்திரி. மூன்று சரியாக இருந்தால் அச்சாகும் என்பதால், நிச்சயமாகத் தெரிந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு மூன்றாமவனுக்குப் பட்டியலில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். பார்த்தேன். அச்சானது. அந்த இசை அதே இசைதான், எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. இருந்தாலும் இன்னும் இரண்டு பேருக்கு அதையே செய்தேன், பொய் சொல்வானேன். யூடியூப் பார்க்கவில்லை என்று மட்டும் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

எரிச்சலும் உண்டு. முதல் தடவை ஒரு காட்சிக்குள் போனால் அதுவாக விடும்வரை வெளியே வர முடியாது, பழைய காட்சி ஒன்றைத் திரும்பப் பார்க்கப் புத்தகத்திலிருந்து நேராகப் போக வழியில்லை, கப்பல் முழுக்க நடந்து அந்த எலும்புக்கூட்டுக்கே போய் நிற்க வேண்டும். கடைசி நாலு ராத்திரியில் பாதி நேரம் ஏணி ஏறி இறங்கியே போயிற்று. ஒன்பதும் பத்தும் அப்படியே கழிந்தன, பன்னிரண்டு பேர் அச்சானார்கள், எழுத ஒன்றுமில்லை.

11ஆம் ராத்திரி 60 பேரும் முடிந்தார்கள். மற்றவர்களை முடித்தால்தான் திறக்கிற ஓர் அத்தியாயமும் அதில் உண்டு, அதைச் சொல்ல மாட்டேன்.

நோட்டில் மட்டும் 57 என்றுதான் எழுதியிருக்கிறேன். போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்த அந்த மூன்று பேருக்கும் பக்கத்தில் பெயர் இருக்கிறது, எப்படித் தெரியும் என்ற இடம் காலி. போன ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போய் ஒருவனுக்குக் காரணம் கண்டுபிடித்தேன், எல்லாக் காட்சியிலும் ஒரே அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான், அந்த அதிகாரியின் பணியாள். இரண்டாமவனுக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. மூன்றாமவன் பேசுகிற ஒரே ஒரு வரியைத் தங்கச்சிக்குப் போனில் வைத்துக் காட்டினேன், அவளுக்கும் தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து காலைப் பார்க்கிறேன் என்றிருக்கிறாள்.