ஃப்ளோரன்ஸ் பிரைஸின் ‘அடோரேஷன்’: ஆறாவது வாரம்

நேற்றிரவுதான் ‘அடோரேஷன்’ முதன்முறையாக நடுவில் தடைபடாமல் கடைசி வரை வந்தது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் சிறிய இசை. அதற்கு எனக்கு ஆறு வாரம் பிடித்தது.

வீட்டில் இருப்பது குழாய் ஆர்கன் அல்ல. இரண்டு கீபோர்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கீழே கால்களால் வாசிக்கும் பழைய பெடல் பலகை ஒன்றை வைத்திருக்கிறேன். ஒலி கணினியிலிருந்து வருகிறது. கிராண்ட்ஆர்க் என்ற இலவச மென்பொருள். பல ஆண்டுகளாக இதில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதியவற்றை மட்டுமே வாசித்து வந்தேன். ஒருநாள் அலமாரியைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன்: அத்தனை இசைத்தாள்களில் ஒரு பெண் எழுதியது ஒன்றுகூட இல்லை. அந்த வெட்கத்தில் தொடங்கியது இந்தப் பயிற்சி.

அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் 1887இல் பிறந்த கறுப்பினப் பெண் பிரைஸ். பாஸ்டனில் ஆர்கனும் பியானோவும் முறையாகக் கற்று 1906இல் பட்டம் பெற்றவர். பிறகு சிகாகோவில் பிழைப்புக்காக மௌனப் படங்களுக்கு ஆர்கன் வாசித்தார். 1933இல் அவருடைய முதல் சிம்பொனியைச் சிகாகோ சிம்பொனி இசைக்குழு அரங்கேற்றியது. அப்படியிருந்தும், பத்தாண்டு கழித்து பாஸ்டன் சிம்பொனியின் நடத்துநருக்கு எழுதிய கடிதத்தில், தான் பெண் என்பதும் தன் இனமும் தனக்குள்ள இரண்டு தடைகள் என்று சொல்ல வேண்டியிருந்தது. 1953இல் இறந்தார். அவர் கைப்பட எழுதிய ஏராளமான தாள்கள் 2009இல் பாழடைந்த வீடு ஒன்றில் கிடைத்தன. ‘அடோரேஷன்’ அந்தக் குவியலில் வந்ததல்ல. 1951இலேயே, ஆர்கன் வாசிப்பவர்களுக்கான தொகுப்பு ஒன்றில் அச்சாகிவிட்டது.

இன்று பெரும்பாலோர் இதை வயலினில்தான் கேட்டிருப்பார்கள். வயலினில் வில்லை அழுத்தி ஒரு ஸ்வரத்தை வளர்க்கலாம், மெல்ல மெல்லத் தேய விடலாம். ஆர்கனில் கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் ஒலி ஒரே அளவுதான். விரலை எடுத்த கணமே நின்றுவிடும். ஆகவே பாடலுக்கு உயிர் எங்கே என்றால், விரலை எப்போது எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளவே இரண்டு வாரம் போயிற்று. பியானோ பழக்கத்தில் என் வலது கால், ஒலியை நீட்டிக்கும் பியானோ பெடலை இங்கே இல்லாதபோதும் தேடிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் வாரம் முழுவதும் விரல் மாற்றுதான். நான்காம் விரல் ஒரு கட்டையில் இருக்கும்போதே, ஒலி அறுபடாமல் ஐந்தாம் விரல் அதே கட்டைக்குள் நுழைய வேண்டும். பிறகு நான்காம் விரல் மெல்ல விலகி அடுத்த ஸ்வரத்துக்குத் தயாராக வேண்டும். முதல் நான்கு பார்களை (இசைத்தாளில் கோடுகளால் பிரிக்கப்பட்ட தாளப் பகுதிகள்) ஒலியை அணைத்துவிட்டு வாசித்து, கட்டை எழும்பும் மெல்லிய ‘டக்’ சத்தத்தை மட்டும் கேட்டுப் பழகினேன். அந்தச் சத்தம் தவறான இடத்தில் வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒலியோடு வாசித்தபோது காதில் சிக்காத தவறெல்லாம் அப்போதுதான் சிக்கியது.

ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து வருமிடங்களில் பதிவைக் கேட்டால் இரண்டும் பசைபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. இடையில் ஒரு மூச்சளவு இடைவெளி விட்டதும் பாடல் தானாக நிமிர்ந்தது. மேல் கீபோர்டில் மெலடிக்கு ஒற்றைப் புல்லாங்குழல் ஸ்டாப் (ஆர்கனில் ஒலி வகையைத் தேர்ந்தெடுக்கும் விசை), துணைக்குக் கீழே மிக மென்மையான ஸ்டாப்; இதற்குமேல் எதையும் சேர்க்கத் தோன்றவில்லை.

அடுத்து ஜெர்மன் பெண் இசையமைப்பாளர் ஃபானி ஹென்சலின் எஃப் மேஜர் பிரிலூட் (முன்னிசை). 1829 அக்டோபரில் அவருடைய திருமணம். அதற்கு இசை எழுதித் தருவதாகச் சொன்ன தம்பி ஃபெலிக்ஸ் மெண்டல்சன், லண்டனில் வண்டி விபத்தில் காலில் அடிபட்டுப் படுத்துவிட்டார். மணப்பெண்ணே எழுதிக்கொண்டார், திருமணம் முடிந்து வெளியே வரும்போது வாசிக்க வேண்டிய இன்னொரு துண்டைத் திருமணத்துக்கு முந்தைய இரவில் எழுதி முடித்தார். பிரெஞ்சுப் பெண் ஆர்கன் கலைஞர் ஜான் டெமெசியூவின் எட்யூடுகள் (பயிற்சி இசைத் துண்டுகள்) என் கால்களுக்கு இப்போதைக்கு எட்டாது.

ஹென்சலின் முதல் வரியை இன்று காலை பெடல் இல்லாமல் கைகளால் மட்டும் வாசித்துப் பார்த்தேன். நாளை இடது காலைச் சேர்க்கிறேன்.