லெதர் கோரலுக்கு இன்று முடிவெட்டு

என் கடல்நீர் மீன்தொட்டியில் மூன்று வருடம் வளர்த்த டோட்ஸ்டூல் லெதர் கோரலை, அதாவது ஒரு வகை மென்பவளத்தை, இன்று வெட்டிவிட்டேன். காளான் குடை மாதிரி விரிந்து, கீழே இருந்த எல்லாவற்றுக்கும் வெளிச்சத்தை மறைத்துவிட்டது.

கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு புது பிளேடால் குடையை மட்டும் சீவினேன். பிளேடு இறங்கும்போது நறநறவென்று ஒரு சத்தம். மென்பவளம் என்று பெயர்தான், சதைக்குள் பொடிப்பொடியாகச் சுண்ணாம்பு முட்கள். அப்புறம் அந்தச் சளி! "வீட்டுல கருவாடா?" என்று அம்மா எட்டிப் பார்த்தார்.

வெட்டிய துண்டுகளைக் கல்லில் ஒட்டிப் புதிதாக வளர்க்கலாம். ஆனால் இதற்கு சூப்பர் குளூ சரிப்படாது, சளியோடு கழன்றுவிடும். போன முறை நாலு துண்டும் விடிந்ததும் பம்ப் வாயில் கிடந்தன. இந்தத் தடவை பல்குச்சியில் குத்தி, கல்லோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டேன். லேசாகத்தான், இறுக்கினால் அறுத்துவிடும்.

வெட்டுப்பட்டால் இது நஞ்சைக் கக்கும், மற்ற பவளங்களுக்கு ஆகாது. அதனால் தனி வாளியில் அலசி, ஃபில்டரில் நஞ்சை உறிஞ்சப் புது கார்பன் (கரி) போட்டு, தண்ணீரும் கொஞ்சம் மாற்றியாயிற்று.

தாய்க் காம்பு இப்போது முண்டமாக நிற்கிறது, பார்க்கவே பாவம். சில வாரங்களில் ஓரத்தில் பாலிப்புகள் (பவளத்தின் குட்டிப் பூ போன்ற உயிர்கள்) எட்டிப் பார்க்கும்.

மொத்தம் ஆறு துண்டு. ஒன்றுக்கு ஏற்கெனவே நண்பன் துண்டு போட்டுவிட்டான்.