பெத்தாவிடம் தோற்ற கேள்விகள்

இறுதியாண்டு ஆய்வுக்காக, எங்கள் பக்கத்து மக்கள் வாக்களிக்கும் பழக்கத்தையும் அவர்களுக்கு அரசியல் செய்தி வந்துசேரும் வழியையும் பற்றி 32 கேள்விகள் எழுதினேன். மேசையில் வைத்துப் படித்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் களுவாஞ்சிக்குடியில் எட்டுப் பேரிடம் கேட்டுப் பார்க்கப் போனேன். முதல் கேள்வியிலேயே இடறியது.

"கடந்த தேர்தலில் வாக்களித்தீர்களா?"

"எந்தத் தேர்தல் மகள்?" என்றார் பக்கத்து வீட்டுப் பெத்தா (எங்கள் பக்கத்தில் பாட்டியை இப்படித்தான் அழைப்போம்). நியாயம்தானே! 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல், 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல். எட்டு மாதத்துக்குள் மூன்று. அன்றிரவே அதை மூன்று கேள்விகளாகப் பிரித்தேன்.

வாக்களிக்காததற்கான காரணங்களில் 'அக்கறையில்லை' என்று பெரிதாக எழுதியிருந்தேன். குவைத்தில் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பிய அக்கா ஒருவர் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நான் இதில் எங்கே?" என்றார். வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க நம் நாட்டில் வழியில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதவில்லை. வெட்கமாகிவிட்டது.

அதிகம் அலைக்கழித்தது செய்திக் கேள்விதான். 'பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி, சமூக ஊடகம்: ஒன்றைத் தெரிவு செய்க' என்று போட்டிருந்தேன். தேநீர்க்கடை அண்ணன் தொலைபேசியை நீட்டினார். வீரகேசரியின் ஒரு பக்கத்தை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். இது பத்திரிகையா, சமூக ஊடகமா? எனக்கே விடை தெரியவில்லை. கடைசியில் இரண்டாக உடைத்தேன்: எதில் பார்த்தீர்கள், அது யார் வெளியிட்ட செய்தி. பெத்தாவோ இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: "மகன் சொல்லுவான்." வீட்டார், அயலார் வாய்மொழி என்றொரு தெரிவைச் சேர்த்தேன். அது இல்லாத தாளை வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்குக் கொண்டுபோயிருந்தால் பாதி ஊரைத் தவறவிட்டிருப்பேன் என்பது என் எண்ணம்.

'அரசியல்' என்ற சொல்லே சிலரை வாய்மூட வைத்தது. "எனக்கு அரசியல் தெரியாது" என்று எழுந்துவிடுவார்கள். 'தேர்தல் கதைகள்' என்று மாற்றினேன். அதே ஆட்கள் அரை மணிநேரம் பேசினார்கள்.

எந்தக் கட்சிக்கு என்ற கேள்வியை நீக்கிவிட்டேன். வாக்கு இரகசியம், கேட்டால் பயப்படுவார்கள் என்று நினைத்தேன். மிஞ்சிய கேள்விகளையெல்லாம் முடித்துத் தாளை மடித்தபோது பெத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருக்குப் போட்டேன் என்று கேட்கவே இல்லையே மகள்?"