புகை வந்த இடம்தான் ஊர்

ஜூன் 6, 2024, வியாழன்

அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலத்து ஹேஸ்ல குடி வந்து மூணு வருஷம் ஆச்சு, வடக்க ஒரு மணி நேரம் கார் ஓட்டினா கிரஹாம் கவுன்டி (நம்ம மாவட்டம் மாதிரி), இத்தனை நாள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. இந்த வாரம் முழுக்க ராத்திரி உக்காந்து அதோட கதையத்தான் படிக்கிறேன். 1863ல அமெரிக்க உள்நாட்டுப் போர்ல, சிக்கமாகா சண்டையில செத்த ஜான் கிரஹாம்ங்கிற கேப்டன் பேரைத்தான் கவுன்டிக்கு வச்சிருக்காங்க. 1867ல எல்லையெல்லாம் போட்டுட்டாங்க, ஆனா நிர்வாகம்னு ஒண்ணும் கிடையாது, வெறும் புல்வெளி. அங்க பத்து வருஷம் கழிச்சுக் கூட்டமா வந்து இறங்கினவங்க யார் தெரியுமா, கென்டக்கில அடிமையா இருந்து அதே போரால விடுதலையான கறுப்பின மக்கள். இதைப் படிச்சதும் கொஞ்ச நேரம் போனைக் கீழ வச்சுட்டேன்.

ஜூன் 8, சனி

இன்னைக்கு அவங்க வந்து இறங்கின நிக்கோடிமஸ் ஊருக்குப் போய்ட்டு வந்தோம். வழி நெடுக கோதுமை பழுத்து நிக்குது, இடையில ஒரு வீடு, அப்புறம் ரொம்ப தூரத்துக்கு ஒண்ணுமே இல்ல. ஊரே நாலஞ்சு தெருதான். 1939ல கட்டின டவுன்ஷிப் ஹால் சுவர்ல கை வச்சுப் பாத்தேன், சுண்ணாம்புக்கல், வெயில்ல கதகதன்னு இருந்துச்சு.

1877ல டபிள்யூ.ஆர்.ஹில்னு ஒரு வெள்ளைக்காரரும் டபிள்யூ.எச்.ஸ்மித்னு ஒரு கறுப்பினத்தவரும் சேர்ந்து இந்த ஊரை ஆரம்பிச்சாங்க, நோட்டீஸ் அடிச்சு ஆள் கூப்பிட்டாங்க. செப்டம்பர்ல 300 பேருக்கு மேல வந்துட்டாங்க. வந்து பாத்தா வீடு இல்ல, வெட்ட மரம்கூட ஆத்தோரம் மட்டும்தான், குளிர் வேற நெருங்குது. அதனால மேட்டுச் சரிவைக் குடைஞ்சு, முன்பக்கம் மட்டும் புல்லோட வெட்டின மண்கட்டிய அடுக்கி, மேல கிளையப் போட்டு மண்ணால மூடி, அதுக்குள்ளயே குடும்பம் நடத்தியிருக்காங்க. ஏர் பூட்டக் குதிரை பத்தாம மண்வெட்டியால நிலத்தைக் கொத்தினாங்க. வேட்டை முடிஞ்சு திரும்பின ஓசேஜ் பழங்குடிக்காரங்க கொடுத்த சாப்பாட்டுலதான் அந்தக் குளிர்காலம் கழிஞ்சுது. பல குடும்பம் தாங்க முடியாம திரும்பிப் போயிடுச்சு, அவங்களக் குறை சொல்ல எனக்கு மனசு வரல.

ஜூன் 9, ஞாயிறு

வில்லியானா ஹிக்மன் நெனப்பாவே இருக்கு. 1878 வசந்தத்துல வந்தவங்க. எல்லிஸ் வரைக்கும் ரயில், அங்க தட்டம்மை போட்டுக் கூட வந்த பிள்ளைங்க நிறைய பேர் செத்துட்டாங்க. நாங்க பெட்ரோல் போடப் போற அதே எல்லிஸ்! அங்கேருந்து ரெண்டு நாள் வண்டிப் பயணம், ரோடு கிடையாது, திசைகாட்டிய வச்சுத்தான் வந்திருக்காங்க. ஊர் எங்கன்னு அவங்க கேட்க, தரைக்குள்ளேருந்து அங்கங்க கிளம்பின புகையைக் காட்டி இதான்னு சொன்னாராம் வீட்டுக்காரர். பாத்து அழுதுட்டாங்க. ஆனா திரும்பிப் போகல, அங்கேயே இருந்து பிழைச்சாங்க.

ஜூன் 13, வியாழன்

கவுன்டி நிர்வாகம் 1880லதான் வந்துச்சு. கவர்னர் செயின்ட் ஜான் முதல் கிளர்க்கா போட்டது எட்வர்ட் மெக்கேப்ப, நிக்கோடிமஸ்காரர், கறுப்பினத்தவர். அடிமைமுறை ஒழிஞ்சு பதினஞ்சு வருஷம்தான் ஆகியிருந்துச்சு, அதுக்குள்ள ஒரு கவுன்டியோட பதிவேடு அவர் கையில! 1882ல மாநில ஆடிட்டராவே ஜெயிச்சுட்டார். அடுத்து கவுன்டிக்கு எந்த ஊர் தலைநகர்ங்கிற சண்டை. முதல்ல மில்புரூக்ல இருந்துச்சு, 1887 ஆகஸ்ட்ல சூறாவளி அந்த ஊரையே தூக்கி எறிஞ்சுது, 1888ல ஹில் சிட்டிக்குப் போயிடுச்சு. ஆமா, நிக்கோடிமஸை ஆரம்பிச்ச அந்த ஹில் பேர்லதான் ஊர்.

நிக்கோடிமஸைச் சாய்ச்சது ரயில்தான். ரயில் வரும்னு நம்பி ஊரே 16,000 டாலர் பாண்டுக்கு (கடன் பத்திரம்) ஓட்டுப் போட்டுச்சு, அந்த ரயில் கம்பெனி வரல. 1888ல யூனியன் பசிபிக் தண்டவாளம் சாலமன் ஆத்துக்குத் தெக்கால போச்சு, கடைக்காரங்க ஒவ்வொருத்தரா ஆத்தைத் தாண்டி ‘போக்’ங்கிற ஊருக்கு மாறினாங்க, சிலர் கட்டடத்தையே பேத்துக்கிட்டுப் போயிருக்காங்க. வந்தபோது காட்டின உழைப்புக்கு நியாயமான பலன் இது இல்லைன்னு எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது.

1996ல நிக்கோடிமஸை தேசிய வரலாற்றுத் தலமா அறிவிச்சாங்க. வருஷா வருஷம் ஜூலை கடைசில, வெளியூர்ல இருக்கிற பேரன் பேத்திங்கல்லாம் ஊருக்குத் திரும்பி வர்றாங்க. நாங்களும் லீவு சொல்லிட்டோம்.