பிறவிப் பாவி என்று சொல்வது இரக்கமற்றதா?

மனிதன் பிறவியிலேயே பாவி என்று கிறிஸ்தவம் சொல்வதைக் கேட்டால் பலருக்குக் கோபம் வருகிறது. பச்சைக் குழந்தையைப் பார்த்து யாருக்கு அப்படிச் சொல்ல மனசு வரும்? ஆனால் அந்தப் போதனைக்குள் பெரிய இரக்கம் ஒன்று இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் பெலாஜியு என்ற துறவி இதற்கு நேர்மாறாகப் போதித்தார். கடவுள் ஒன்றைக் கட்டளையிட்டால் அதைச் செய்யும் திறன் நமக்கு இருக்கத்தானே வேண்டும், முடியாததை அவர் கேட்பாரா என்பது அவர் வாதம். முதல் மனிதன் ஆதாமின் பாவம் நம்மைத் தொற்றவில்லை, அவர் நமக்கு ஒரு கெட்ட முன்மாதிரி, அவ்வளவுதான். மனசு வைத்தால் பாவமில்லாமல் வாழலாம். கேட்க நம்பிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் இது உண்மையென்றால் விழுகிற ஒவ்வொருவரும் வேண்டுமென்றே விழுகிறார் என்றாகிவிடும், குடியை விட முடியாமல் தவிப்பவரிடமும், பிள்ளையைத் திட்டிவிட்டு ராத்திரி அழுகிற தாயிடமும் "நீ சரியாக முயற்சி செய்யவில்லை" என்பதைத் தவிர சொல்வதற்கு ஒன்றுமே இருக்காது.

அதே காலத்தில் வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகுஸ்தீன் அப்படித் தவிப்பவர்களின் பக்கம் நின்றார். நீர் கட்டளையிடுவதைச் செய்யும் பலத்தையும் நீரே தாரும் என்று ஜெபித்த மனிதர் அவர். சித்தம், அதாவது நாமே தேர்ந்தெடுக்கும் மனத்திறன், இருக்கிறது, ஆனால் அது நோய்ப்பட்டிருக்கிறது என்றார். அப்போஸ்தலன் பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் (ரோமர் 7) "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று புலம்புவதும் இதைத்தான். 418-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் பெலாஜியுவின் போதனையைக் கண்டித்தார்கள், சரியாகத்தான் செய்தார்கள்.

அதற்காக அகுஸ்தீன் சொன்ன எல்லாவற்றையும் ஏற்க என்னால் முடியாது. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளுக்கும் ஆக்கினை (தண்டனை) உண்டு, அது மிக லேசானதாக இருக்கும் என்று அவர் எழுதியது மனசை உறுத்துகிறது. இந்த இடத்தில் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளின் பார்வைதான் எனக்குச் சரியாகப் படுகிறது: ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது மரணமும் பலவீனமும், அவருடைய குற்றம் நம் கணக்கில் வராது.

அப்புறம், எல்லாம் கிருபைதான், அதாவது கடவுள் இலவசமாகத் தரும் தயவுதான் என்றால் எப்படியும் வாழலாமே என்ற கேள்வி. பவுல் காலத்திலேயே இருந்த கேள்விதான் இது, "கூடாதே" என்று ரோமர் 6-இல் பட்டென்று பதில் சொல்லிவிடுகிறார். கிருபையை வெறும் மன்னிப்புச் சீட்டாகப் பார்ப்பவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி எழும். நோய்ப்பட்ட சித்தத்தைக் குணமாக்குவதும் அதே கிருபைதான்.

பதினாறாம் நூற்றாண்டில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் காலத்திலிருந்து, தேவன் மனிதனை எப்படி ஏற்றுக்கொள்கிறார் என்ற கேள்வியில் சபைகள் பிரிந்து கிடந்தன. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும், லூத்தர் வழிச் சபைகளின் அமைப்பான லூத்தரன் உலகக் கூட்டமைப்பினரும் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்: தேவன் நம்மை ஏற்றுக்கொள்வது நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே. ஞானஸ்நானத்துக்குப் பிறகும் உள்ளே இருக்கும் தீய நாட்டத்தைப் பாவம் என்றே சொல்வதா என்பதில் இன்னும் வேறுபாடு உண்டு. லூத்தரன்கள் பாவம் என்கிறார்கள், கத்தோலிக்கர் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறார்கள். என் உள்ளத்தை நான் அறிந்தவரையில், லூத்தரன்கள் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.