பொறாமையோடு ஒரு பாராட்டு

பர்மாவின் மோல்மீன் நகரில் இருந்து எழுதும் அண்ணன் புதுக் கதை அனுப்பியிருந்தார். படித்ததும் சந்தோஷம், கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சல். மறைப்பானேன்!

1964இல் கடைகள் அரசுடைமையானதும் நம்மவர்கள் ஏராளமானோர் பர்மாவை விட்டுக் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்களின் பிள்ளைகள் எங்களில் பலர் கோயில் வகுப்புகளில்தான் தமிழ் படித்தோம். தமிழில் கதை எழுதுபவர்கள் குறைவு, படிப்பவர்கள் அதைவிடக் குறைவு. ஆகவே யாங்கோனில் இருக்கும் எனக்குப் போட்டியாளரும் முதல் வாசகரும் அவரேதான். திட்டினாலும் அவர்தான் திட்ட வேண்டும்.

இடைசெவலின் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இப்படித்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஒரே ஊர், ஒரே வயது, இருவருக்கும் சங்கீதப் பைத்தியம். அழகிரிசாமி முந்திக்கொண்டு எழுத்தாளராகி, சென்னை, மலேயா என்று போனார். கி.ரா. ஊரில் விவசாயம் பார்த்தபடி தாமதமாகத்தான் எழுத வந்தார். இருவருக்கும் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. அழகிரிசாமிக்கு 1970இல், அதுவும் இறந்தபின், கி.ரா.வுக்கு 1991இல். ஒரு சின்னக் கரிசல் கிராமத்துக்கு இரண்டு! (எங்களுக்கு அச்சில் வந்தாலே போதும்.)

சரி அண்ணே, நடுவில் கதை இழுக்கிறது, வெட்டுங்கள். முடிவு மட்டும் என்னுடையதைவிட நன்றாயிருக்கிறது. என் அடுத்த கதை வரட்டும், அப்புறம் பேசுவோம்.